மொட்டைக் கடுதாசி போட்டால் யார் படிப்பார்கள்?

போன இதழில், அரசு அலுவலகங்களில் நடக்கும் தப்புத்தண்டாவைப் பற்றிப் புகார் செய்வதில் என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று நாலு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் “என் பெயரைப் போட்டுவிடாதீர்கள்” என்று அடிக்கோடு. சிலவற்றில் போடுவதற்குப் பெயரே இல்லை. அதனால் இந்த முறை ஊர் மட்டும்.

கேள்வி: நிலத்தை உட்பிரிவு செய்து பட்டா மாற்ற வேண்டும். சர்வேயர் எட்டாயிரம் கேட்கிறார். பெயர் போடாமல் லஞ்ச ஒழிப்புத் துறைக்கு எழுதினால் பிடிப்பார்களா? (தஞ்சாவூர் மாவட்டம்)

எழுதலாம். ஆனால் கையும் களவுமாகப் பிடிக்க அந்தக் கடிதம் உதவாது.

பொறி வைத்துப் பிடிப்பது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். நீங்கள் நேரில் போய் எழுத்தில் புகார் தர வேண்டும், அதை வைத்துத்தான் முதல் தகவல் அறிக்கை. அப்புறம் நீங்கள் கொடுக்கப்போகும் நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொள்வார்கள், அவற்றின் மேல் பினாப்தலின் பொடி தடவுவார்கள், வேறு துறை அரசு ஊழியர்கள் இரண்டு பேரைச் சாட்சியாகக் கூட அனுப்புவார்கள். அவர் பணத்தை வாங்கியதும் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கச் சொல்வார்கள், தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். இந்த நாடகத்தில் பணம் கொடுக்கிற பாத்திரம் ஒன்று உண்டு, அது நீங்கள். அந்தப் பாத்திரத்துக்குப் பெயர் இல்லாமல் நாடகம் நடக்காது. பிறகு கோர்ட்டிலும் “கேட்டார், கொடுத்தேன்” என்று சொல்ல ஆள் வேண்டும். (புகார் கொடுத்தவர் இறந்துபோனாலோ பல்டி அடித்தாலோகூட, மற்ற சாட்சியங்களையும் சூழ்நிலைகளையும் வைத்து லஞ்சம் கேட்டதை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது. அது வழக்கைக் காப்பாற்றும் தீர்ப்பு. உங்கள் பெயரை மறைக்கும் தீர்ப்பு இல்லை.)

பெயரில்லாக் கடிதம் வேலை செய்யும் இடம் வேறு. பேப்பரில் “ரகசியத் தகவலின் பேரில் சார்பதிவாளர் அலுவலகத்தில் திடீர் சோதனை, கணக்கில் வராத பணம் பறிமுதல்” என்று தீபாவளிக்கு முன்னால் தவறாமல் செய்தி வருகிறதே, அந்த ரகசியத் தகவல் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? எந்தக் கிழமை கூட்டம் அதிகம், எந்த புரோக்கர் வசூல் செய்கிறார், சாயங்காலம் எத்தனை மணிக்குப் பணம் வெளியே போகிறது, யார் வண்டியில் போகிறது. இதை எழுத உங்கள் பெயரும் வேண்டாம், உங்கள் பட்டாவும் வேண்டாம். எட்டாயிரம் கதையை அதில் சேர்த்தீர்களோ போச்சு. அந்த சர்வேயரிடம் நிலுவையில் இருக்கும் உட்பிரிவு மனு எத்தனை, அதில் எட்டாயிரம் கேட்கப்பட்டவர் எத்தனை பேர் என்று அவருக்கு விரல்விட்டு எண்ணத் தெரியும்.

உங்கள் விஷயத்தில் நான் சொல்வது, பெயர் கொடுத்தே புகார் செய்யுங்கள். ஒன்று, நீங்கள் இன்னும் பணம் கொடுக்கவில்லை, கை சுத்தம். இரண்டு, ஒருவேளை கட்டாயத்தின் பேரில் கொடுத்துவிட்டாலும் 7 நாளுக்குள் போலீஸிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ சொல்லிவிட்டால் கொடுத்த குற்றம் உங்கள் மேல் வராது. ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-ல் திருத்தியபோது லஞ்சம் கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறை என்று கொண்டுவந்தார்கள், கூடவே இந்த 7 நாள் வாசலையும் திறந்து வைத்தார்கள். பெயரில்லாமல் எழுதியவரால் அந்த வாசல் வழியாக நுழைய முடியாது. ஏழு நாளுக்குள் சொன்னவர் நீங்கள்தான் என்று எதை வைத்து நிரூபிப்பீர்கள்?

கேள்வி: கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனுவும் கொடுத்தாயிற்று, முதல்வர் உதவி எண் 1100-க்கும் போன் செய்தாயிற்று. கடைசியில் யார் மேல் புகார் சொன்னேனோ அவரே எனக்குப் போன் செய்து “என்னம்மா, என் மேலேயே பெட்டிஷனா?” என்கிறார். இது என்ன நியாயம்? (திண்டிவனம்)

நியாயம் இல்லை, ஆனால் நடப்பது இதுதான். குறைதீர் மனு என்பது உங்கள் குறையைத் தீர்ப்பதற்கான ஏற்பாடு. ரோட்டில் விளக்கு எரியவில்லை, முதியோர் பென்ஷன் வரவில்லை என்றால் அந்த மனு சம்பந்தப்பட்ட அலுவலரிடம் போய்த்தான் ஆக வேண்டும், வேறு யார் விளக்குப் போடுவார்கள்? அதே குழாயில் “இந்த அலுவலர் காசு வாங்குகிறார்” என்பதையும் ஊற்றினால் அதுவும் அதே வழியில் ஓடி, கலெக்டர், கோட்டாட்சியர், தாசில்தார் என்று இறங்கி, “உரிய நடவடிக்கைக்காக” என்று அவர் மேஜைக்கே வந்து சேருகிறது. உங்கள் பெயர், போன் நம்பர் எல்லாம் அதிலேயே இருக்கும். அடுத்த முறை குறையையும் குற்றச்சாட்டையும் தனித்தனிக் காகிதத்தில் எழுதுங்கள். குறை திங்கட்கிழமைக்கு. குற்றச்சாட்டு லஞ்ச ஒழிப்புத் துறைக்கு. அந்தத் துறை 1964-லிருந்து இருக்கிறது, மாவட்டங்களிலும் அலுவலகம் உண்டு, ஊழல் குற்றச்சாட்டை விசாரிப்பதுதான் அதன் வேலை.

கேள்வி: நான் 34 வருடம் அரசுப் பணியில் இருந்தவன். பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும் நேரம் பார்த்து என் மேல் ஒரு மொட்டைப் பெட்டிஷன். 17(பி) மெமோ (பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை), விசாரணை, எல்லாம் முடிந்து குற்றமில்லை என்று வர மூன்று வருடம். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எனக்கு மேல் போய்விட்டார்கள். பெயர் போடத் தைரியமில்லாதவன் கடிதத்தைக் குப்பையில் போட வேண்டும், அவ்வளவுதான். (மதுரை)

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அலுவலகம் என்று ஒன்றைப் பார்த்த யாரும் நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டார்கள். மொட்டைக் கடுதாசி எழுதுவது வெளியாள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பாதி நேரம் அது பக்கத்து நாற்காலி. பட்டியல் வரும் மாதம் அவருக்குத்தான் தெரியும்.

மத்திய அரசு கிட்டத்தட்ட நீங்கள் சொன்ன இடத்துக்கே வந்து நிற்கிறது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999 ஜூனில், பெயரில்லாப் புகார், பொய்ப்பெயர்ப் புகார் எதன் மேலும் நடவடிக்கை கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. காரணமும் உங்களுடையதேதான், நேர்மையான ஆட்களைப் பதவி உயர்வு நேரத்தில் கவிழ்க்கிறார்கள் என்று. 2002-ல் கொஞ்சம் தளர்த்தி, சரிபார்க்கக்கூடிய விவரம் இருந்தால் ஆணையத்தின் அனுமதியோடு பார்க்கலாம் என்றார்கள். 2014 நவம்பரில் அதையும் எடுத்துவிட்டு, பழையபடி கோப்பில் போட்டு மூடு என்று சொல்லிவிட்டார்கள்.

ஆனால் எனக்கு இதில் ஒரு நெருடல் இருக்கிறது. உங்களைக் கவிழ்த்தது அந்தக் கடிதமா, அல்லது அதைச் சரிபார்க்க நாலு நாள் ஆகும் இடத்தில் மூன்று வருடம் இழுத்த ஆபீஸா? “இன்ன டெண்டரில் எம்-புக்கில் (முடிந்த வேலையை அளந்து எழுதும் பதிவேட்டில்) எழுதிய அளவுக்கும் போட்ட ரோட்டுக்கும் சம்பந்தமில்லை, இன்ன கிலோமீட்டரில் போய்த் தோண்டிப் பாருங்கள்” என்று ஒரு கடிதம் வந்தால், எழுதியவன் யார் என்பது ரோட்டுக்கு என்ன கவலை? தோண்டினால் ஜல்லி இருக்கும், அல்லது இருக்காது. “அவர் ஒழுக்கமில்லாதவர், எல்லாருக்கும் தெரியும்” என்பது வேறு வகை. அதைக் குப்பையில் போடலாம், நானே எடுத்துப் போடுகிறேன். இரண்டுக்கும் ஒரே தொட்டியா என்பதுதான் என் கேள்வி.

ஹாங்காங் கதை ஒன்று. அங்கே காட்பர் என்ற உயர் போலீஸ் அதிகாரி 1973-ல் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே இங்கிலாந்துக்கு ஓடிவிட்டார். ஊர் கொதித்தது, 1974 பிப்ரவரியில் சுதந்திர ஊழல் ஒழிப்பு ஆணையம் வந்தது. ஆரம்பத்தில் அதற்கு வந்த புகார்களில் பெரும்பாலானவை பெயரில்லாதவை. அவர்கள் அவற்றை வாங்கிக்கொண்டார்கள். காட்பரையும் திரும்பக் கொண்டுவந்து உள்ளே போட்டார்கள். வருடங்கள் போகப் போகப் பெயரோடு வரும் புகார்கள்தான் அதிகமாயின. யாரும் சட்டம் போட்டுப் பெயர் கேட்கவில்லை, ஜனங்களுக்கே பயம் விட்டுப்போயிற்று. மொட்டைக் கடுதாசி ஜுரம் மாதிரி ஐயா. தெர்மாமீட்டரை உடைத்தால் ஜுரம் இறங்காது.

கேள்வி: மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். கொள்முதலில் பெரிய முறைகேடு. ரகசியமாகச் சொல்ல வழி இருக்கிறதா? (திருச்சி)

இருக்கிறது. ஆனால் “பெயரில்லாமல்” வேறு, “பெயரை மறைத்து” வேறு. இதைக் கலந்துகட்டினால் உங்கள் கடிதம் முதல் மேஜையிலேயே நின்றுவிடும்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். சத்யேந்திர துபே, கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் தங்க நாற்கரச் சாலை வேலையில் இருந்தார். அங்கே நடந்த முறைகேடுகளை 2002-ல் பிரதமருக்கு நேரடியாக எழுதினார், என் பெயரை ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு எழுதினார். கடிதம் மேஜை மேஜையாக, பெயரோடு சுற்றியது. 2003 நவம்பர் 27-ஆம் தேதி விடியற்காலை கயாவில் ரயிலிலிருந்து இறங்கி ரிக்‌ஷாவில் வீட்டுக்குப் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக்காரர்கள் செய்த கொலை என்றுதான் சிபிஐ சொன்னது, 2010-ல் மூன்று பேருக்குத் தண்டனையும் கிடைத்தது. கொலைக்கும் கடிதத்துக்கும் முடிச்சு கோர்ட்டில் நிரூபணம் ஆகவில்லை. ஆனால் ரகசியமாக வை என்று ஒருவன் கேட்டுக்கொண்ட கடிதம் ஊர்சுற்றியது உண்மை, அதற்குக் கொலைகாரன் யாரென்று தெரிய வேண்டிய அவசியமில்லை.

அந்தக் கொந்தளிப்பில் 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. பொதுநலன் கருதித் தகவல் வெளியிடுபவர்களைப் பாதுகாக்கும் தீர்மானம். சுருக்கமாக பிட்பி என்கிறார்கள். இதன்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு மூடிய உறையில் தபால் அனுப்ப வேண்டும். உறையின் மேல் பொதுநலத் தகவல் புகார் என்று எழுத வேண்டும், உங்கள் பெயரை எழுதக் கூடாது. உங்கள் பெயரும் முகவரியும் உள்ளே, கடிதத்தின் ஆரம்பத்திலோ கடைசியிலோ இருக்க வேண்டும், நடுவில் எங்கும் வரக் கூடாது, ஏனென்றால் அந்தப் பகுதியை மறைத்துவிட்டு மற்றதைத்தான் விசாரணைக்கு அனுப்புவார்கள். ஈமெயில், இணையதளம் எல்லாம் இதற்குச் செல்லாது. பெற்றுக்கொண்டோம் என்று பதில் கடிதம்கூட வராது, வந்தால் உங்கள் வீட்டுத் தபால்காரரும் ஆபீஸ் பியூனும் ஊகித்துவிடுவார்களே, அதனால். எழுதிப் போட்டுவிட்டு நகலை எம்.பி.க்கும் நாலு பத்திரிகைக்கும் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் யாரும் யாரையும் காப்பாற்ற முடியாது.

இது மத்திய அரசு, அதன் நிறுவனங்கள், பொதுத்துறை வங்கிகள் ஆகியவற்றின் ஊழியர்கள் மேலான புகாருக்குத்தான். உங்கள் ஊர் தாசில்தாரைப் பற்றி இதில் எழுத முடியாது.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று. உங்களைக் காட்டிக்கொடுப்பது கடைசியில் இருக்கும் கையெழுத்து இல்லை, நடுவில் இருக்கும் விவரம். “மார்ச் 12 அன்று மேலாளர் அறையில் மூன்று பேர் இருக்கும்போது சொன்னார்” என்று எழுதினால் அந்த மூன்று பேரில் ஒருவர் நீங்கள், பெயரை மறைத்து என்ன பயன்? அந்தக் கூட்டத்தைச் சொல்லாமல் அந்தக் கூட்டத்தின் விளைவைச் சொல்லுங்கள்: இந்த ஆர்டர் எண், இந்த விலை, அதே பொருளுக்குப் போன வருட விலை, டெண்டரில் தள்ளப்பட்ட மற்ற கம்பெனிகள். ஆடிட் செய்கிறவர்கூடக் கண்டுபிடித்திருக்கக்கூடிய மாதிரி எழுதுங்கள். நீங்கள் வழக்கமாகப் பேசும் சொற்களையும் கவனியுங்கள். ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்த உங்கள் “உள்ளபடியே சொன்னால்” கடிதத்திலும் வந்தால் கைரேகை வைத்த மாதிரி.

கேள்வி: இதற்கெல்லாம் தனிச் சட்டமே இருக்கிறதாமே? (நாகர்கோவில்)

இருக்கிறது. முறைகேட்டை வெளியே சொல்கிறவர்களைப் பாதுகாக்கும் சட்டம், 2014 மே மாதம் ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார். புகார் கொடுத்தவர் பெயரை வெளியிடும் அதிகாரிக்கு 3 ஆண்டு வரை சிறை என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். பெயரில்லாப் புகாரைத் தொடவே கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிப்பை மட்டும் இன்னும் எழுதவில்லை. அதனால்தான் 2004 தீர்மானத்தைப் பற்றி அவ்வளவு நீட்டிச் சொன்னேன்.

கேள்வி: வெளிநாடுகளில் பெயர் சொல்லாமலே இணையத்தில் புகார் செய்யலாமாம். இங்கே நாமே புது ஈமெயில் திறந்து அனுப்பினால் என்ன? (கோவை, கல்லூரி மாணவி)

ஆஸ்திரியாவில் பொருளாதாரக் குற்றங்களையும் ஊழலையும் பார்க்கும் அரசு வழக்கறிஞர் அலுவலகம் 2013-ல் அப்படி ஒன்றைத் தொடங்கியது. அதன் சிறப்பு பெயர் கேட்காதது இல்லை தங்கச்சி, திரும்பக் கேள்வி கேட்க முடிவது. புகார் செய்கிறவர் ஒரு புனைபெயரும் பாஸ்வேர்டும் வைத்து ஒரு தபால்பெட்டி திறந்துகொள்கிறார். நாலு நாள் கழித்து உள்ளே போனால் “நீங்கள் சொன்ன அந்தக் கணக்கு எந்த வங்கியில்?” என்று கேள்வி காத்திருக்கும். யாரென்று தெரியாமலே பேச்சு தொடர்கிறது. பார்சிலோனா மாநகராட்சியும் 2017-ல் இதே மாதிரி ஒரு பெட்டி வைத்தது, எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது என்பதுகூடத் தெரியாதபடி, டார் என்ற தடம் மறைக்கும் இணைய வழியாக. மொட்டைக் கடுதாசியின் பெரிய குறை அது ஒரு தடவைப் பேச்சு என்பதுதான். படித்தவருக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தாலும் கேட்க ஆள் இல்லை, மூடிவிடுவார்.

நீங்களாக ஈமெயில் திறக்கலாம். ஆனால் போன் நம்பர் கொடுத்துத் திறந்த ஈமெயில், ஆபீஸ் வைஃபை, உங்கள் பெயர் பதிந்த வேர்ட் கோப்பு இவற்றில் ஒன்று போதும். கலர் லேசர் பிரிண்டர்கள் பலவற்றில் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளாக எந்த இயந்திரம், எந்தத் தேதி என்று காகிதத்திலேயே பதிந்துவிடும் சமாச்சாரமும் உண்டு.

நம் பக்கத்திலும் நல்ல முயற்சி நடந்திருக்கிறது. பெங்களூருவில் ஜனாக்ரஹா அமைப்பு 2010-ல் “நான் லஞ்சம் கொடுத்தேன்” என்று ஓர் இணையதளம் தொடங்கியது. கொடுத்தவர் பெயர் வேண்டாம், வாங்கியவர் பெயரும் வேண்டாம், எந்த ஆபீஸ், எந்த வேலை, எவ்வளவு என்று மட்டும் சொல் என்றார்கள். எனக்கு மிகவும் பிடித்த யோசனை, ஏனென்றால் யாரையும் தூக்கில் போடுவது அதன் நோக்கமே இல்லை. கர்நாடகப் போக்குவரத்துத் துறை அதில் குவிந்த விவரங்களைப் பார்த்து ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் முறையை மாற்றியது. ஆளைப் பிடிக்காவிட்டாலும் ஆள் கை நீட்டுகிற ஜன்னலை மூடலாம்.

கேள்வி: ஆபீஸில் மேலதிகாரியின் பாலியல் தொல்லை. பெயர் சொல்லாமல் புகார் கொடுக்க முடியுமா? (சென்னை)

சகோதரி, முதலில் இதை எழுதியதற்கே உங்களுக்கு மனத்திடம் வேண்டும். நேரடியான பதில், பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டத்தின்படி அலுவலகத்தின் உள்ளகக் குழு விசாரிக்க வேண்டுமென்றால் எழுத்துப்பூர்வமான புகார் வேண்டும், அதன் நகல் எதிராளிக்கும் போகும். அவரிடமிருந்து மறைக்க முடியாது. ஆனால் அவரைத் தவிர ஊருக்குத் தெரியக் கூடாது என்பதற்குச் சட்டம் காவல் நிற்கிறது. உங்கள் பெயர், முகவரி, விசாரணையில் வந்தது எதையும் பத்திரிகை உட்பட யாரும் வெளியிடக் கூடாது. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் தரலாம். உங்களால் போய்க் கொடுக்க முடியாத நிலை என்றால், விஷயம் தெரிந்த இன்னொருவர் உங்கள் எழுத்துச் சம்மதத்தோடு கொடுக்கலாம். தனியாகப் போகாதீர்கள். தேதிகளை இன்றே எழுதி வையுங்கள், குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர் அலுவலகத்தில் புகார் பெட்டி என்று ஒன்று தொங்குகிறது. போடலாமா? (பரமக்குடி)

சாவி யாரிடம் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். நான் ஒரு சமயம் ஓர் அலுவலகத்தில் கேட்டேன். பெட்டியின் சாவி, யார் மேல் எல்லோருக்கும் புகாரோ அந்தக் கண்காணிப்பாளரின் இடுப்பில் இருந்தது. இன்னோர் இடத்தில் சாவியே இல்லை, பூட்டு துருப்பிடித்து, வாயில் குளவி கூடு கட்டியிருந்தது. இது கொஞ்சம் மேல், யாராலும் படிக்க முடியாது. திருவாரூரில் மனுநீதிச் சோழன் கட்டிய மணியைப் பசு வந்து அடித்தது என்கிறோமே, அந்த மணியின் கயிறு தெருவில் தொங்கியது, சத்தம் ராஜாவுக்கு நேராகக் கேட்டது, நடுவில் யாரும் இல்லை. பசுவிடம் யாரும் பெயர், விலாசம் கேட்டதாகவும் கதையில் இல்லை.

கேள்வி: உங்களுக்கு வரும் பெயரில்லாக் கடிதங்களை என்ன செய்கிறீர்கள்? (ஊரும் இல்லை)

எல்லாவற்றையும் படிக்கிறேன். பதில் எழுதியதும் உறையோடு கிழித்துவிடுகிறேன், தபால் முத்திரையில் ஊர் இருக்கிறது பாருங்கள். உங்கள் கடிதத்தைக் கொஞ்சம் சின்னச் சின்னதாகவே கிழித்தேன். பெயர், ஊர் எதுவும் எழுதாமல் நல்ல ஜாக்கிரதையாகத்தான் எழுதியிருந்தீர்கள், ஆனால் எழுதியது உங்கள் வீட்டு சிலிண்டர் ரசீதின் பின்பக்கத்தில்.